பருக் குளிசை யாருடைய யோசனை?

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. நாலைந்து மாதமாகத் தலையிடி. காலையில் எழும்பும்போதே தொடங்கிவிடும். குனிந்து முற்றம் கூட்டினால் கண் இருண்டு, சில விநாடியில் திரும்பத் தெளிகிறதாம். இரவில் படுத்தால் காதுக்குள் ‘உஸ் உஸ்’ என்று சத்தம் கேட்கிறது என்கிறாள். எந்நேரமும் போனோடு இருப்பதால்தான் என்று தகப்பன் போனைப் பறித்து வைத்தார். கிளிநொச்சியில் ஒரு கடையில் கண் சோதித்தோம். எழுத்தெல்லாம் நன்றாக வாசிக்கிறாள், பயப்பட ஒன்றுமில்லை என்று சின்னப் பவரில் கண்ணாடி தந்தார்கள். பனடோல் கொடுக்கிறேன். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்திருக்கிறேன். கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் சரிவரும்போல இருக்கிறது. படம் கேட்டதால் முகப்பருவுக்கு ஒரு குளிசை எடுக்கிறாள், இப்போது முகம் நல்ல துப்புரவு. மெலிந்து கிடந்தவள் கொஞ்சம் சதையும் போட்டிருக்கிறாள். தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லித் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். எடுத்தால் ‘பெட்டைக்குத் தலையில ஏதோ வருத்தமாம்’ என்று ஊரில் கதை போய்ச் சம்பந்தம் குழம்பிவிடும். சண்டைக்குள் மாத்தளனிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை, அவளுக்கு ஒரு நல்ல வாழ்க்கை அமைய வேண்டும். வீட்டோடு செய்யக்கூடிய வைத்தியம் ஏதாவது சொல்வீர்களா?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, வீட்டோடு செய்யக்கூடியது ஒன்றே ஒன்று இருக்கிறது. அந்தப் பருக் குளிசையை இன்றைக்கே நிறுத்துங்கள். மிச்ச வைத்தியம் ஆஸ்பத்திரியில்.

உங்கள் கடிதத்தில் போனுக்கு ஒரு வரி, கண்ணாடிக்கு இரண்டு வரி, நேர்த்திக்கு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். குளிசைக்கு அரை வரி. அதுவும் முகம் துப்புரவான சந்தோசத்தில் வாய் தவறி வந்தது மாதிரி. குளிசையின் பெயர் என்ன? யார் எழுதித் தந்தது? டொக்டரா, மருந்துக்கடையில் நிற்கிற பொடியனா, ‘என்ர மகளுக்கும் இதுதான் குடுத்தனான்’ என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரியா? எப்போது தொடங்கினது? தலையிடிக்கு முந்தியா பிந்தியா? இதில் ஒன்றைக்கூட எழுதவில்லை. தலையிடிக் கடிதங்கள் எனக்கு வராத மாதம் இல்லை. எல்லாவற்றிலும் போனும் நாவூறும்தான் குற்றவாளி. பிள்ளையின் வாய்க்குள் தினமும் என்ன போகிறது என்று ஒருவரும் எழுதுவதில்லை.

பருவுக்கு விழுங்கக் கொடுக்கும் மருந்துகளில் இரண்டு வகை பிரபலம். ஒன்று டொக்சிசைக்கிளின், மினோசைக்கிளின் போன்ற கிருமிகொல்லிகள். மற்றது ஐசோட்ரெட்டினோயின், விற்றமின் ஏயின் உறவுக்கார மருந்து. இரண்டும் நல்ல மருந்துகள்தான், தோல் டொக்டர்மார் தெரிந்துதான் எழுதுகிறார்கள். ஆனால் இரண்டு வகைக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. சிலருக்கு இவை மண்டைக்குள் அமுக்கத்தைக் கூட்டிவிடும். அதனால்தான் இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது என்று வைத்தியர்களுக்குப் படிப்பிக்கிறார்கள்.

மூளையைச் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. அது நாள்முழுக்க ஊறும், ஊறின அளவுக்கு வடிந்துகொண்டும் இருக்கும். வடிவது குறைந்தால், மாரியில் வான்கதவு திறக்காத குளம் மாதிரி, அமுக்கம் கட்டிலே நிற்கும். மண்டையோட்டுக்கு விரிய வழியில்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பைச் சுற்றியும் இதே நீர்தான் இருப்பதால் அந்த நரம்பின் தலை வீங்குகிறது. காலையில் எழும்பும்போதே தலையிடி, குனிந்தால் சில விநாடி இருட்டு, நாடித்துடிப்போடு சேர்ந்து காதுக்குள் இரைச்சல் என்று நீங்கள் எழுதிய மூன்றும் இதன் அடையாளங்கள். சிலருக்கு ஒரு பொருள் இரண்டாகவும் தெரியும். இது கூடுதலாக வருவதும் இளம் பெண்களுக்குத்தான், அதிலும் அண்மையில் உடம்பு வைத்தவர்களுக்கு. ‘கொஞ்சம் சதையும் போட்டிருக்கிறாள்’ என்று சந்தோசமாக எழுதினீர்களே, அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். மருந்தே எடுக்காத பெண்களுக்கும் இது வரும். உங்கள் மகளுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு கட்டவில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

கண்ணாடிக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சுவரில் உள்ள எழுத்தை வாசிக்க வைத்தார், வாசித்தாள். இந்த வருத்தத்தில் நடுப்பார்வை கடைசி வரைக்கும் நன்றாகவே இருக்கும். ஓரப்பார்வைதான் முதலில் சுருங்கும், அது பிள்ளைக்கே தெரியாது. வாசலைத் தாண்டும்போது தோள் நிலையில் இடிபடும், பக்கத்தில் வருகிற சைக்கிளைக் காணாமல் திடுக்கிடுவாள், நீங்கள் ‘பிராக்குப் பார்க்கிறாய்’ என்று ஏசுவீர்கள். நரம்பு ஒருமுறை செத்துவிட்டால் எந்தக் கண்ணாடியும் அதைத் திருப்பித் தராது. செய்ய வேண்டிய சோதனை, சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, உள்ளே வெளிச்சம் அடித்து நரம்பின் தலையைப் பார்ப்பது. வலியில்லை, கொஞ்ச நேரத்து வேலை. சில மணித்தியாலம் பார்வை மங்கலாக இருக்கும், ஆகவே அவளை ஸ்கூட்டி ஓட விடாமல் யாராவது கூடப் போங்கள்.

வேறு காரணங்களும் உண்டு, அவற்றைத் தள்ளிவைக்கத்தான் டொக்டர். ஒற்றைத் தலையிடிக்கு முன்னும் கண்ணில் கோணல்மாணலாக மின்னல் கோடு ஓடும். ஆனால் அது ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை நிற்கும், குனிந்து நிமிர்வதற்குள் வந்து போகாது. இரத்தப் பிறசர் எக்கச்சக்கமாக ஏறினாலும் கண் மங்கும். மூளையிலிருந்து இரத்தம் வடியும் நாளத்தில் கட்டி உறைந்தாலும், உள்ளே ஏதும் வளர்ந்தாலும், உங்கள் மகளின் அதே அறிகுறிகள் வரலாம். ஸ்கேன் எடுப்பது இதற்காகத்தான். பனடோலை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், மூன்று மாதம் தாண்டிக் கொடுத்தால் பனடோலே தலையிடி தரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலையிடி வந்து, சீப்புப் பட்டாலே தலை நோகுது, சப்பினால் தாடை உளையுது என்றால் பல் டொக்டரைத் தேடி அலையாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணிக்குத் தலையிடியோடு கண் மங்கினால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்க வேண்டாம்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். நான் கலியாணப் பேச்சைப் பகிடி பண்ணுகிற ஆள் இல்லை. குமர்ப்பிள்ளை உள்ள வீட்டில் தாய்க்கு நித்திரை வராது என்பது எனக்குத் தெரியும், பெற்றவர்கள் பார்த்துச் செய்கிற கலியாணத்தில் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. அதனால்தான் கோபம் வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒரு படம். அந்தப் படத்துக்காக நீங்கள் மகளுக்குக் குளிசை கொடுத்தீர்கள். அந்தக் குளிசையால் கண் இருள்கிறதோ என்று பார்க்கவும் அதே மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயப்படுகிறீர்கள். இன்னும் கைநனைக்காத சம்பந்தத்துக்கு உங்கள் பிள்ளையின் உடம்பில் இவ்வளவு அதிகாரத்தை யார் கொடுத்தது? செல்லடிக்குள்ளால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றா யோசித்தீர்கள்?

இன்னொன்று. கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு சொல் இல்லை. கனடாவுக்குப் போக அவளுக்கு விருப்பமா, அதுவும் தெரியவில்லை. 22 வயதுப் பிள்ளை. கண் இருளுது, காது இரையுது என்று தன் வருத்தத்தை டொக்டர் கேட்கிற ஒழுங்கிலேயே சொல்லியிருக்கிறாள். நீங்கள் பதிலுக்குப் போனைப் பறித்திருக்கிறீர்கள். தகப்பனிடம் சொல்லி அதைத் திருப்பிக் கொடுங்கள்.

அந்தக் குளிசை ஐசோட்ரெட்டினோயின் என்றால் உங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அதை எடுக்கும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் பெண் கர்ப்பமாகக் கூடாது. பிள்ளை கடுமையான பிறவிக் குறைபாட்டோடு பிறக்கலாம். கலியாணத்துக்கென்று கொடுத்த மருந்து கலியாணத்துக்குப் பிறகு என்ன செய்யும் என்று தராதரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டீர்களா? பருக் குளிசையை நிறுத்துவதால் உயிருக்கு ஒன்றும் வராது, பரு திரும்ப வரும். வந்துவிட்டுப் போகட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். குளிசை அட்டையை, வெறும் அட்டை என்றாலும் பரவாயில்லை, எடுத்துக்கொண்டு முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்கோ கிளிநொச்சிக்கோ நாளைக்கே போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள். தலையிடி என்று மட்டும் சொல்லி ஓபீடீயில் பனடோல் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம். ‘குனிஞ்சா கண் இருளுது, காது இரையுது, பருக் குளிசை எடுத்தவள், கண் நரம்பைப் பார்க்க வேணும்’ என்று அப்படியே சொல்லுங்கள். அல்லது அவளைச் சொல்ல விடுங்கள், உங்களைவிட நன்றாகச் சொல்வாள். யாழ்ப்பாணத்துக்கு எழுதிவிட்டால் பரந்தன் வழியாகப் போய்விட்டு வாருங்கள். அது தூரமில்லை.

எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் முன்கூட்டியே ஒன்று சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் பெரிய காந்தம். மகளின் உடம்பில் சண்டை நேரத்தில் பட்ட செல் துண்டு எங்கேயாவது, சின்னதாக ஒரு நெல்மணி அளவில் என்றாலும், இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கண்ணுக்குப் பக்கத்திலோ நரம்புக்குப் பக்கத்திலோ இருக்கிற இரும்பை அது அசைத்துவிடலாம். வன்னியில் இதை நோயாளிதான் ஞாபகப்படுத்த வேண்டும். தழும்பு மாறிப்போனதால் மறந்துவிட்டோம் என்று சொல்கிறவர்கள் நம்மிடையே நிறைய. அப்படி இருந்தால் சீற்றி ஸ்கேன் போன்ற வேறு வழி பார்ப்பார்கள்.

ஸ்கேனில் கட்டி ஒன்றும் இல்லை என்றால், முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீரின் அமுக்கத்தை அளப்பார்கள். அந்த ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும், பிள்ளை பிறக்காது என்று ஒழுங்கை முழுக்கக் கதை இருக்கிறது. ஊசி ஏற்றுவது முதுகின் கீழ்ப்பகுதியில், முள்ளந்தண்டு வடம் முடிந்த இடத்துக்கும் கீழே. சில நாள் தலையிடி வரலாம், படுத்தால் குறையும். அமுக்கம் கூடியிருந்தால் அசெற்றாசோலமைட் என்ற குளிசை தருவார்கள், விரல் நுனி விறுவிறுக்கும், அதற்குப் பயந்து தாங்களாகவே நிறுத்தக் கூடாது. உடம்பைக் குறைக்கவும் சொல்வார்கள். சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் வரும் மட்டும் புளிச்சாதமும் பலகாரமும் ஊட்டுவதை விட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவிலேயே அடங்கும். பார்வை வேகமாகக் குறைகிறவர்களுக்கு மட்டும் சத்திரசிகிச்சை.

அம்மனுக்கு வைத்த நேர்த்தியைச் செய்யுங்கள், வைகாசிப் பொங்கலுக்குப் போங்கள். ஆனால் கிளினிக் நாளும் கோயில் நாளும் ஒன்றாக வந்தால் முதலில் கிளினிக்.

தரகர் கேட்டால், பிள்ளைக்குக் கண் வைத்தியம் நடக்கிறது, முடிந்த பிறகு பேசுவோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்துச் செய்து வைத்து, ரொறன்ரோவில் போய் அவள் தனியே கண் தெரியாமல் நிற்பதைவிட இந்தச் சம்பந்தம் இப்போதே குழம்புவது நல்லது. காரணம் தெரிந்த பிறகும் பொறுத்து நிற்கிற குடும்பம் என்றால் நானே நாள் பார்க்கச் சொல்லுவேன்.

இதற்கிடையில் பார்வை சட்டென்று குறைந்தாலோ, இரண்டாகத் தெரிந்தாலோ, சத்தியோடு தலையிடி உச்சத்துக்குப் போனாலோ, கை கால் விறைத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுதித் தந்த திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.