கெமு மலைக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: அக்டோபர் முதல் வாரம் 63 வயதான அம்மாவுடன் சீனாவின் லிஜியாங்குக்குப் போகிறேன். அங்கிருந்து லுகு ஏரிக்குப் போய், மோசுவோ மக்கள் கும்பிடும் கெமு மலையையும் பார்க்க ஆசை. அம்மாவால் ஏற முடியுமா? அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். உச்சிக்கு ஏற வேண்டிய அவசியமே இல்லை. மோசுவோ மக்களுக்குக் கெமு ஒரு பெண் தெய்வம், அந்த மலையேதான் அவள். ஏரிக்கரையில் எங்கே நின்றாலும் அவளைத் தரிசிக்கலாம்.

முதலில் உயரத்தைச் சொல்லிவிடுகிறேன். லிஜியாங் சுமார் 2,400 மீட்டர், ஏரி கிட்டத்தட்ட 2,690, மலை உச்சி 3,750-க்கும் மேல். சிலருக்கு 2,500 மீட்டரைத் தாண்டியதுமே தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். அதனால் லிஜியாங்கில் இரண்டு இரவு தங்கிவிட்டு, 200 கிலோமீட்டர் மலைப்பாதையில் காரிலோ பஸ்ஸிலோ போங்கள். ஏரிக்கென்று தனி விமான நிலையம் இருக்கிறது. ஆனால் அது ஏரியைவிட உயரத்தில், 3,290 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஊரிலிருந்து வந்த கையோடு அங்கே போய் இறங்க வேண்டாம். அம்மாவுக்கு இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால், டிக்கெட் போடும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஏரிக்கு வந்து ஒரு நாள் ஓய்வெடுத்த பிறகு மலைக்குப் போகலாம். பாதி மலை வரை, கம்பிவடத்தில் தொங்கியபடி போகும் நாற்காலி ரோப் கார் உண்டு. அதிலிருந்து இறங்கிப் படியேறினால் தெய்வத்தின் குகை. முழங்கால் வலி இருந்தால் இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். தலை கனத்தால் யோசிக்காமல் கீழே வந்துவிடுங்கள்.

அம்மாவுக்கு நான் முக்கியமாகக் காட்டச் சொல்வது காலை நேரத்தை. விடிந்ததும் வீட்டுப் பெண்கள் பச்சைப் பைன் கிளைகளைத் தூப அடுப்பில் வைத்து எரிப்பார்கள். ஈர ஊசியிலைகள் படபடவென்று வெடித்து, வெள்ளைப் புகை கெட்டியாக எழும்பும். அதுதான் கெமுவுக்கு அன்றாட வழிபாடு. பெருவிழா, சீனச் சந்திர நாட்காட்டியில் ஏழாம் மாதம் 25-ஆம் நாள். அதாவது பௌர்ணமி கழிந்த பத்தாம் நாள். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வரும். அன்று ஊரே நல்ல உடுப்பு உடுத்தி மலையை வலம் வரும். உங்கள் பயணத்துக்குள் அது முடிந்திருக்கும்.

யாராவது வீட்டுக்குள் அழைத்தால், பாட்டியின் அறையில் இருக்கும் அடுப்பங்கரையை மலைக்குச் சமமாக மதியுங்கள். மோசுவோ வீட்டில் தாய்வழிதான் எல்லாம்; மூத்த பெண்தான் குடும்பத் தலைவி. அடுப்பைத் தாண்டக் கூடாது, அதில் துப்பக் கூடாது. சாப்பிடும் முன் அடுப்புக் கல்லில் முன்னோர்களுக்குக் கொஞ்சம் உணவு வைப்பார்கள், அதுவரை பொறுத்திருங்கள். அந்த அறையில் இரண்டு தூண்கள் உண்டு, ஒன்று பெண் தூண், இன்னொன்று ஆண் தூண். ஒரே மரத்தின் அடிப்பகுதி பெண்ணுக்கு, மேற்பகுதி ஆணுக்கு. 13 வயதில் சிறுமிக்கு முதன்முதலாகப் பாவாடை கட்டிவிடுவது அந்தப் பெண் தூணின் அருகில்தான். அம்மாவுக்கு இது பிடிக்கும். பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

ஒன்று மட்டும் கேட்காதீர்கள். ஆண் இரவில் காதலியின் வீட்டுக்கு வந்து, விடிந்ததும் தன் தாய்வீட்டுக்குத் திரும்பும் 'நடை மணம்' அவர்கள் குடும்பமுறை. அதைக் கிளுகிளுப்பாக எண்ணி வந்து கேட்பவர்களால் அவர்கள் நிறையவே நொந்திருக்கிறார்கள். எனக்கும் அதைக் கேட்கும்போது மனசு வலிக்கும்.

அப்புறம், தேதி. அக்டோபர் 1 முதல் 7 வரை சீனாவில் தேசிய விடுமுறை. சாலையும் விடுதியும் நிரம்பி வழியும். 10-ஆம் தேதிக்கு மேல் தள்ளிப் போடுங்கள். மழையும் ஓய்ந்துவரும். காலை குளிருக்கு அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.