ஜன்னலோரத் தக்காளி நாற்று நூலாக இளைப்பது ஏன்?

கேள்வி: வீட்டுக்குள் ஜன்னல் திட்டில் ஒரு தட்டு வைத்துத் தக்காளி விதை போட்டேன். ஐந்தாம் நாளே முளைத்துவிட்டது. விதைத்துப் பதினைந்து நாளாகிறது. நான்கு விரல் உயரத்துக்கு நூல்போல இளைத்து, எல்லா நாற்றும் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. நேற்று இரவு நன்றாக இருந்த மூன்று நாற்று இன்று காலை அடியில் மடிந்து விழுந்து கிடந்தன. இலை மட்டும் பச்சையாகவே இருக்கிறது. தினமும் தவறாமல் தண்ணீர் விடுகிறேன், கொஞ்சம் உரமும் கரைத்து ஊற்றினேன். மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற முடியுமா? எப்போது வெளியே நடலாம்?

பதில்: காப்பாற்றலாம். விழுந்த மூன்றை மட்டும் மறந்துவிடுங்கள். இலை பச்சையாக இருப்பதைப் பார்த்தால் நிமிர்த்திக் குச்சி கட்டலாமா என்று தோன்றும். அவை எழாது.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். விழுந்த நாற்றின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தை உற்றுப் பாருங்கள். அந்த இடம் மட்டும் நீர் கோத்து, பழுப்பேறி, நூலால் இறுக்கிக் கட்டியதுபோல ஒடுங்கியிருந்தால் அது நாற்றழுகல் நோய். அடிமுதல் நுனிவரை ஒரே பருமனில், உறுதி குறையாமல், வளைந்து மட்டும் கிடந்தால் நோயில்லை. தன் கனத்தைத் தானே தாங்க முடியாத நெட்டை நாற்று, அவ்வளவுதான். இரவு நின்றது காலையில் விழுந்தது என்கிறீர்கள், அடியில் மடிந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாற்றழுகலாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்குக் காரணமானவற்றில் பித்தியம், ரைசாக்டோனியா இரண்டும் முக்கியமானவை. பேச்சுவழக்கில் இரண்டையும் பூஞ்சை என்றே சொல்கிறோம். ஆனால் பித்தியம் அசல் பூஞ்சையே இல்லை, பாசிகளுக்கு உறவுக்காரர். அந்த இனத்தில் பலவற்றின் வித்துகள் வால் முளைத்து நீரில் நீந்திப் போகும். ஈரம் வடியாத தட்டில் ஒரு நாற்று விழுந்தால் பக்கத்து நாற்றுகளும் வரிசையாக விழுவது அதனால்தான். நோய் பிடித்த நாற்றைக் குணப்படுத்த மருந்து கிடையாது. டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் பூஞ்சைகளை விதைப்பதற்கு முன்பே கலவையில் சேர்த்திருந்தால் ஓரளவு காவல். விழுந்த பிறகு தூவிப் பெரிய பயனில்லை.

எனவே இன்றைக்கே செய்ய வேண்டியது இதுதான். விழுந்தவற்றையும் அவற்றைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மண்ணையும் ஒரு கரண்டியால் அள்ளி வெளியே கொட்டுங்கள். தட்டின் மேல்பரப்பு நிறம் வெளிறும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். மேலே மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு சிறிய மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள்; இலை லேசாக அசைந்தால் போதும்.

இனி நெட்டைக்கு வருவோம். நாற்று விழுந்ததையும் இளைத்ததையும் நீங்கள் இரண்டு தனித்தனித் தொல்லைகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. உங்கள் நாற்றுக்குக் கிடைக்கும் ஒளி கொஞ்சம். சூடும் தண்ணீரும் உரமும் ஏராளம்.

ஜன்னல் பக்கம் வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்பீர்கள். நம் கண் அப்படித்தான் ஏமாற்றும். மங்கிய இடத்தில் கண்மணி விரிந்து சரிக்கட்டிவிடும். இலைக்கு அந்த வசதி இல்லை. ஒளியை அளக்கும் அலகு லக்ஸ்; நண்பகலில் வெட்டவெளியில் விழும் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். வெயில் நேராக விழாத நேரத்தில் ஜன்னல் திட்டில் கிடைப்பது சில ஆயிரம். இரண்டு மீட்டர் உள்ளே தள்ளிப் போனால் சில நூறுதான். அதுவும் ஒரே பக்கத்திலிருந்து வருகிறது. போதிய ஒளி இல்லாத நாற்று, தான் இன்னும் வேறு செடிகளின் நிழலில் சிக்கியிருப்பதாக எடுத்துக்கொள்ளும். அதனால் தண்டைத் தடிமனாக்குவதை விட்டுவிட்டு, இருக்கும் சேமிப்பையெல்லாம் உயரத்தில் செலவழிக்கும். ஒளியைத் தேடித்தான் அது நீளுகிறது. அதை நல்ல வளர்ச்சி என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். நானும் முதல் வருடம் அப்படி மகிழ்ந்து ஒரு தட்டு முழுவதையும் இழந்தேன்.

இதில் சூடு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். சூடு வளர்ச்சியை விரட்டும். அதற்கு வேண்டிய சர்க்கரையைச் செய்து தருவது ஒளி. ஒளி குறைவாக, அறை வெதுவெதுப்பாக இருந்தால் நாற்று கடன் வாங்கி வளர்கிறது. தண்ணீரும் அப்படியே. மங்கிய வெளிச்சத்தில் இலை குடிப்பது குறைவு. நீங்கள் தினமும் ஊற்றியது தட்டிலேயே தேங்கியிருக்கிறது. அதில்தான் பித்தியம் நீந்தியது. ஆகவே ஒளியை முதலில் கூட்டுங்கள். மற்ற மூன்றையும் அந்த ஒளிக்குத் தக்கபடி அளந்து கொடுங்கள்.

ஒளிக்கு ஊதா நிறத்தில் எரியும் விலையுயர்ந்த விளக்கு அவசியமில்லை. சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு நாற்றுக்குத் தாராளம். வாட்டைவிட முக்கியம் தூரம். கூரையில் மாட்டிய விளக்கு நாற்றுக்கு நட்சத்திரம் மாதிரி; இருக்கிறது, பயனில்லை. இலை நுனிக்கு மேலே 10 முதல் 15 சென்டிமீட்டரில் தொங்கவிட்டு, நாற்று உயர உயர விளக்கையும் உயர்த்துங்கள். புறங்கையை இலை மட்டத்தில் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். சூடு உறைத்தால் கொஞ்சம் தூக்குங்கள். செடி வளர்ப்புக்கென்றே வரும் பிரகாசமான பலகை விளக்குகளை இவ்வளவு நெருக்கத்தில் வைக்கக் கூடாது, இலை வெளிறிச் சுருளும். அவற்றுக்கு அட்டையில் குறித்திருக்கும் தூரமே கணக்கு. ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும். இரவும் பகலும் விட்டால் இன்னும் நன்றாக வளருமே என்று சிலர் நினைப்பதுண்டு. தக்காளிக்கு அது ஒத்துவராது. இடைவெளியில்லாத ஒளியில் அதன் இலைகள் மஞ்சள் திட்டுத்திட்டாகிவிடும். அதற்கு இருட்டும் வேண்டும்.

விளக்கு இல்லையென்றால்? வெளியே 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் நாட்களில் தட்டைப் பகலில் வெளிநிழலில் வையுங்கள். வெயில் நாளில் திறந்தவெளி நிழலில்கூட 10,000 லக்ஸ் அளவுக்கு ஒளி இருக்கும். எந்த ஜன்னலுக்கும் அது மேல். அதுவும் முடியாவிட்டால், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்து, தட்டைத் தினமும் அரை வட்டம் திருப்புங்கள். சாய்வு நிற்கும். மெலிவு முழுவதும் நீங்காது.

சூட்டில் பலரும் செய்யும் தவறு, முளைக்க உதவிய சூட்டையே முளைத்த பிறகும் தொடர்வது. விதை முளைக்க 25 முதல் 28 டிகிரி சிறப்பு. அந்தச் சூட்டில் ஐந்து முதல் எட்டு நாளில் தலை காட்டும். 10 டிகிரிக்குக் கீழே முளைக்காது. தலை காட்டிய அன்றே நிலைமை மாறுகிறது. அதன்பின் பகலில் 20 முதல் 24, இரவில் 16 முதல் 18 இருந்தால் குட்டையாக, திடமாக வரும். அடிச்சூடு தரும் விரிப்பு வைத்திருந்தால் பாதி விதை முளைத்ததுமே அணைத்துவிடுங்கள். அறையின் சூட்டைக் குறைக்க வழியில்லாத இடத்தில் இருப்பவர்கள் அதற்கு ஈடாக ஒளியையும் காற்றையும் கூட்ட வேண்டும்.

தண்ணீருக்கு நேரம் வைத்துக்கொள்ளாதீர்கள். தட்டைத் தூக்கிப் பாருங்கள். நனைந்த தட்டின் கனமும் காய்ந்த தட்டின் கனமும் இரண்டு மூன்று நாளில் கைக்குப் பழகிவிடும். அதைவிட நல்ல கருவி இல்லை. லேசாகிவிட்டால், அடியில் துளையுள்ள தட்டை ஒரு விரல் ஆழ நீரில் இருபது நிமிடம் வைத்து, மேல்பரப்பு நனையத் தொடங்கியதும் எடுத்து வடியவிடுங்கள். கீழிருந்து குடிக்கும் வேர் கீழே இறங்கும், தண்டின் அடியும் காய்ந்தே இருக்கும். மண்ணிலிருந்து பொடிப்பொடியாகக் கறுப்புக் கொசுக்கள் கிளம்பினால், மேல்மண் காயவே இல்லை என்று அர்த்தம்.

உரம் போட்டது அவசரம். முதலில் வரும் நீள்வட்ட இரண்டும் வித்திலைகள். விதை கட்டிக்கொடுத்த சாப்பாடு அவற்றில் இருக்கிறது. அடுத்து வரும் பல்வெட்டு இலைகள்தான் மெய்யான இலைகள். அவை ஒரு ஜோடி விரிந்த பிறகு, அட்டையில் சொன்ன அளவில் கால் பங்கு, வாரம் ஒரு முறை போதும். இலையின் அடிப்பக்கம் ஊதாவாக மாறினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறை என்பார்கள். பாதி உண்மை. வேர்ப்பகுதி குளிர்ந்திருந்தால், மண்ணில் மணிச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. உரத்தைத் தேடுவதற்கு முன் தட்டை வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

இப்போது மிச்சமிருக்கும் நெட்டை நாற்றுகள். இங்கேதான் தக்காளி நமக்குப் பெரிய சலுகை தருகிறது. மிளகாயும் கத்தரியும் இவ்வளவு தாராளமாகத் தராத சலுகை இது. மண்ணுக்குள் புதையும் தக்காளித் தண்டு நெடுகிலும் புது வேர் விடும். மெய்யிலை ஒரு ஜோடி வந்ததும், ஒவ்வொன்றையும் 8 அல்லது 10 சென்டிமீட்டர் அகலக் கோப்பைக்கு மாற்றுங்கள். வித்திலையைத் தொடும்வரை தண்டைப் புதைத்துவிடுங்கள். நூல்போல் இருந்த பகுதி முழுவதும் வேராகும். தூக்கும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை ஒன்று கிழிந்தால் வேறொன்று வரும், தண்டு நசுங்கினால் நாற்றே போச்சு. அடி பழுப்பேறி ஒடுங்கியதை மட்டும் புதைக்க வேண்டாம், அழுகல் கூடவே போகும். புகையிலைப் பழக்கமுள்ளவர்கள் கையைச் சோப்பிட்டுக் கழுவிவிட்டு நாற்றைத் தொடுங்கள்; புகையிலைத் தேமல் வைரஸ் விரல்வழியே தக்காளிக்கு வந்துவிடும்.

இன்னொரு சின்ன வேலை, செலவில்லாதது. காலையும் மாலையும் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை மெதுவாகப் பத்துத் தடவை வருடிவிடுங்கள். வேடிக்கையாகத் தோன்றும். அசைவை உணரும் செடி நீள்வதைக் குறைத்துத் தண்டைப் பலப்படுத்தும். ஜாஃபே என்ற தாவரவியலாளர் 1973-இல் இந்தக் குணத்துக்குப் பெயரே வைத்தார். வெளியில் காற்று செய்கிற வேலையை வீட்டுக்குள் நம் கை செய்கிறது. இலை ஈரமாக இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

மறுபடி விதைப்பதானால் தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போடாதீர்கள்; நாற்றழுகல் அதோடுதான் வரும். உப்புப் போகக் கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்று பங்கு, நன்றாக மக்கிச் சலித்த உரம் ஒரு பங்கு போதும். பழைய குழித்தட்டானால் வெந்நீரில் கழுவிக் காயவையுங்கள். விதைக்கும் ஆழம் அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அதைவிட ஆழம் குறைவாக விதைத்தால் விதையுறை உரசிக் கழலாமல் நாற்றின் தலையில் தொப்பிபோல ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதைப் பிய்க்காமல், ஒரு சொட்டு நீர் வைத்து ஊறவிட்டு மெல்ல உருவுங்கள். குழிக்கு ஒரு நாற்றுதான். இரண்டு முளைத்தால் ஒன்றைப் பிடுங்காமல் கத்தரியுங்கள். மனம் வராதுதான், ஆனால் இரண்டையும் விட்டால் போட்டி போட்டு இரண்டுமே நெட்டையாகும்.

எப்போது நடுவது என்றால், நாள்கணக்கைவிட நாற்றின் தோற்றமே நம்பகமானது. ஐந்தாறு மெய்யிலை, 15 சென்டிமீட்டரை ஒட்டிய உயரம், பென்சிலை நெருங்கும் பருமன். வெப்பமான சூழலில் நான்கைந்து வாரத்தில் இது வரும். குளிர்ந்த அறையில் எட்டு வாரமும் ஆகலாம். இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் காலத்தில் வெளியே நட்டால் செடி நட்ட இடத்திலேயே விறைத்து நிற்கும். கோப்பையிலேயே பூ வந்துவிட்டால் கிள்ளிவிட்டு நடுங்கள்.

ஆனால் நேராகக் கொண்டுபோய் வெயிலில் வைத்துவிடாதீர்கள். அறைக்குள் விரிந்த இலையின் மெழுகுப்பூச்சு மெல்லியது. ஒரே நாள் உச்சிவெயிலில் அது காகிதம்போல வெளுத்துவிடும். விளக்கொளியில் திடமாக வளர்ந்த நாற்றுக்கும் இதே கதிதான். முதல் இரண்டு நாள் காற்று அதிகம் வீசாத நிழலில் இரண்டு மணி நேரம். பிறகு காலை வெயிலில் ஒரு மணி. தினமும் கொஞ்சம் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள். நடுவில் ஒரு நாள் இலை தொங்கினால் நிழலுக்கு எடுத்து வந்து மறுநாள் தொடருங்கள்.

வெயில் தாழ்ந்த மாலையில் நடுங்கள். உங்களுடையது நெட்டை நாற்று என்பதால் ஆழக்குழி தோண்டுவதைவிட, ஒரு சாண் நீளத்துக்கு ஆழம் குறைந்த வாய்க்கால் பறித்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைப் படுக்கவைத்து மூடுவது நல்லது. மேல்மண் வெதுவெதுப்பாக இருப்பதால் வேர் சீக்கிரம் விடும். வெளியே நீட்டியிருக்கும் நுனி ஓரிரு நாளில் தானே நிமிர்ந்துகொள்ளும், நீங்கள் வளைக்க வேண்டாம். ஒட்டுக்கட்டிய நாற்றை மட்டும் இப்படிப் புதைக்கக் கூடாது. ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். தாங்குகுச்சியை நடும் அன்றே ஊன்றிவிடுங்கள். நாள் கழித்து ஊன்றினால், புதைந்த தண்டு எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்பது மறந்து, குச்சி அதிலேயே இறங்கிவிடும்.