டப்பால போட்டிருக்குற வாட்ஸும் காதுல விழுற பாட்டும் – வாசகர் கேள்வி பதில்

கே: சார், செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹேட்ச்பேக் வாங்கியிருக்கேன். கம்பெனி மியூசிக் செட்டு அப்படியே இருக்கு, முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர் பின்னாடி ரெண்டு. சத்தம் வருது, பாட்டு வரல. 25 ஆயிரம் வரைக்கும் செலவு பண்ணலாம்னு இருக்கேன். கடைக்காரர் என்னடான்னா, பின்னாடி டிரேல 6×9 இன்ச் ஓவல் ஸ்பீக்கர் ரெண்டு போட்டு டிக்கில 1200 வாட்ஸ் பேஸ் டியூப் (தும் தும்ங்குற அடிச்சத்தத்துக்குன்னே உருளையா வர்ற ஸ்பீக்கர்) வெச்சுருவோம், ஏரியாவே திரும்பிப் பாக்கும்ங்கறாரு. போட்டுறலாமா? – ஒரு வாசகர், சேலம்

ப: ஏரியா திரும்பிப் பாக்கணும்னா தாராளமா போடுங்க. நீங்க பாட்டு கேக்கணும்னா வேண்டாம்.

முதல்ல அந்த 1200ஐ பாப்போம். டப்பா மேல கொட்டை எழுத்துல போடுறது பெரும்பாலும் பீக் இல்லன்னா மேக்ஸ், அதாவது கண் சிமிட்டுற நேரத்துக்குத் தாங்குற அளவு, அதையும் எப்படி அளந்தாங்கன்னு அவங்களுக்கே வெளிச்சம். நீங்க கேக்க வேண்டியது ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு, விடாம ஓட்டினா தாங்குறது அதுதான். உங்க செட்டு மேலயே கூட 50×4னு எழுதியிருக்கலாம், நாமளும் 200 வாட்ஸ்னு நம்பிக்குவோம். அந்த செட்டோட பின்பக்கம் இருக்குற ஃப்யூஸைப் பாருங்க, பெரும்பாலும் 10 ஆம்பியரோ 15 ஆம்பியரோ இருக்கும். 10னு வெச்சுக்குவோம், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் சொச்சம், பெருக்கினா உள்ள போறதே 140 வாட்ஸ் சொச்சம்தான், அப்புறம் வெளிய 200 எங்கேருந்து வரும்? சூடா வீணாப் போறது போக ஒரு ஸ்பீக்கருக்கு 15லேருந்து 20 வாட்ஸ் வந்தா பெரிய விஷயம்.

அதுக்காக வருத்தப்படாதீங்க, ஏன்னா வாட்ஸை ரெட்டிப்பாக்கினா சத்தம் ரெட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு ரெண்டு மடங்கா தெரியணும்னா கிட்டத்தட்ட 10 டெசிபல் வேணும், அதாவது 10 மடங்கு பவர். அதனால கடையில ஸ்பீக்கரோட சென்சிடிவிட்டி, அதாவது ஒரே அளவு பவருக்கு எவ்வளவு சத்தம் குடுக்கும்ங்கறது, என்னன்னு கேளுங்க, யாரும் கேக்காத கேள்வி அது. 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட்ஸ் குடுத்து வாங்குற சத்தத்தை 91 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸ்லயே குடுத்துரும். ஆம்ப் (பவரைக் கூட்டுற ஆம்ப்ளிஃபையர்) தனியா போடாம கம்பெனி செட்டுலயே ஓட்டுற உங்களுக்கு இந்த நம்பர்தான் முக்கியம், வாட்ஸ் இல்ல.

காசு எங்க போகணும்னா முன்னாடி ரெண்டு கதவுக்கு. கச்சேரிக்குப் போனா மேடைக்கு முதுகைக் காட்டிட்டா உக்காருவோம்? பின்னாடி டிரேல பெரிய ஓவலைப் போட்டா அதேதான் நடக்கும், பாடுறவர் உங்க பிடரிக்குப் பின்னாடி நின்னு பாடுவாரு, அதுவும் ஹேட்ச்பேக்ல அந்த டிரே சும்மாவே கடகடங்கும். முன்னாடி நல்ல காம்போனன்ட் செட் ஒண்ணு போடுங்க. கதவுல வூஃபர் (கனமான சத்தத்துக்கு), ட்வீட்டர் (கீச்சுச் சத்தத்துக்கு) தனியா மேல ஏ பில்லர்கிட்டயோ, அதாவது முன் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண்கிட்டயோ, கண்ணாடி மூலையிலயோ, நடுவுல சத்தத்தை ரெண்டுக்கும் பிரிச்சுக் குடுக்குற ஒரு கிராஸ்ஓவர். கீழ முழங்காலுக்குப் பக்கத்துல கேட்டுக்கிட்டிருந்த குரல் டேஷ்போர்டு உயரத்துக்கு ஏறி வரும், அந்த வித்தியாசம் முதல் பாட்டுலயே தெரிஞ்சுரும். பின்னாடி இருக்குற கம்பெனி ஸ்பீக்கர் அப்படியே கிடக்கட்டும், செட்டுல முன்-பின் சத்தத்தைப் பங்கு போடுற ஃபேடரை கொஞ்சம் முன்னாடி தள்ளிக்குங்க.

அடுத்தது டேம்பிங், அதாவது கதவுத் தகடு அதிராம ஷீட் ஒட்டுறது. கடைக்காரர் இதைப் பத்தி வாயே திறந்திருக்க மாட்டாரு, ஏன்னா வேலை ஜாஸ்தி, வெளிய தெரியவும் தெரியாது. கதவுங்கறது மெல்லிசு தகரம், உள்பக்கத் தகடு பூரா ஓட்டை. ஸ்பீக்கர் கோன் முன்னாடி தள்ளுற காத்தும் பின்னாடி தள்ளுற காத்தும் அந்த ஓட்டை வழியா ஒண்ணா சேந்து ஒண்ணை ஒண்ணு கேன்சல் பண்ணிக்கும், முதல்ல காணாமப் போறது பேஸ். நீங்க பேஸ் இல்லையேன்னு சப்வூஃபர் (பேஸுக்கு மட்டும்னு இருக்குற ஸ்பீக்கர்) தேடிப் போறீங்க, அது கதவுக்குள்ளயே செத்துக்கிட்டிருக்கு. ப்யூட்டைல் ரப்பர்ல அலுமினியம் ஃபாயில் ஒட்டின ஷீட் வாங்கி வெளித்தகட்டுக்கு உள்பக்கமா ஒரு லேயர், உள்தகட்டு ஓட்டை மேல ஒரு லேயர், ரோலர் வெச்சு நல்லா அழுத்தி ஒட்டச் சொல்லுங்க. வெறும் கையால தடவிட்டுப் போனா மூணு மாசத்துல உரிஞ்சு வரும். கதவுக்கு அடியில தண்ணி வடியுற ஓட்டைய மட்டும் அடைக்கவே கூடாது. விலை கம்மியா இருக்குன்னு தார் ஷீட்டை தலையில கட்டுவாங்க, உங்க ஊரு மே மாச வெயில்ல அது உருகி வண்டி பூரா ரோடு போடுற வாசனை வரும், மோந்து பாத்தே கண்டுபிடிச்சுரலாம்.

ஸ்பீக்கரைத் தாங்குற ஸ்பேசர் ரிங் பிளாஸ்டிக்ல கேளுங்க. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) ரிங் மழைத்தண்ணில ஊறி உப்பிரும், அதுக்கு நல்லா வார்னிஷ் அடிச்சாதான் நிக்கும்.

மாட்டி முடிச்சதும் காசு குடுக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு டெஸ்ட். நல்ல பேஸ் இருக்குற பாட்டைப் போட்டு இடது-வலது பேலன்ஸை ஒரு பக்கமா தள்ளுங்க. ஒத்தை ஸ்பீக்கர் பாடும்போது பேஸ் ஜாஸ்தியாகி, நடுவுல கொண்டு வந்தா கம்மியானா, ஒரு ஸ்பீக்கருக்கு பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்துருக்காங்கன்னு அர்த்தம். கூட்டமான கடையில அவசரத்துல இது ரொம்ப சகஜம்.

இதுக்கெல்லாம் போக உங்க 25ல மிச்சம் நிக்கும், அதைத் தொடாதீங்க. ஒரு மாசம் கேளுங்க. அப்புறமும் பத்தலைன்னா ஒரு 4 சேனல் ஆம்ப், ரெண்டு சேனல் முன்னாடிக்கு, மீதி ரெண்டை பிரிட்ஜ் பண்ணி, அதாவது ஒண்ணா இணைச்சு, பின்னால சின்னதா ஒரு சப்வூஃபருக்கு. டிக்கி இடம் போகக் கூடாதுன்னா சீட்டுக்கு அடியில வைக்கிற, ஆம்ப் உள்ளயே இருக்குற ஆக்டிவ் சப் இருக்கு, வயிறு அதிராது, ஆனா பேஸ் கிட்டாரோட ஒவ்வொரு சுரமும் தனித்தனியா கேக்கும்.

கே: ஆம்ப் போட்டதுலேருந்து ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஸ்பீக்கர்ல 'ஊஊய்ய்'ங்குது, மிதி ஏற ஏற சத்தமும் ஏறுது. நாய்ஸ் ஃபில்டர் வாங்கச் சொல்றாங்க. – திண்டுக்கல்

ப: வாங்காதீங்க, இப்போதைக்கு. அது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரன்ட் தயாரிக்குற பாகம்) சத்தம், ஃபில்டர் போட்டா வியாதி உள்ளயே இருக்கும், மேல மூடி வெச்சிருப்பீங்க, அவ்வளவுதான். ஆம்ப்புக்கு எர்த் எங்க குடுத்திருக்காங்கன்னு பாருங்க. பெயின்ட் மேலயே வாஷரை வெச்சு முறுக்கியிருப்பாங்க. பெயின்ட்டை சுரண்டி வெறும் இரும்பு தெரியணும், வயர் எவ்வளவு குட்டையா இருக்கோ அவ்வளவு நல்லது, பவர் வயர் என்ன கேஜோ, அதாவது தடிமனோ, அதே கேஜ்ல எர்த்தும் இருக்கணும். அடுத்து, பேட்டரிலேருந்து வர்ற பவர் வயரும் செட்டுலேருந்து பாட்டு சிக்னலைக் கொண்டு வர்ற ஆர்சிஏ கேபிளும் ஒரே பக்கமா ஒண்ணாக் கட்டி வந்திருந்தா பிரிச்சு ஒண்ணை இடது பக்கமா, ஒண்ணை வலது பக்கமா இழுங்க. அதுக்கப்புறமும் இருந்தா ஆஃப் பண்ணிட்டு ஆம்ப்லேருந்து ஆர்சிஏவைக் கழட்டி மறுபடி ஆன் பண்ணிப் பாருங்க, சத்தம் நின்னா கோளாறு செட்டு பக்கம், நிக்கலைன்னா ஆம்ப் பக்கம். போனை சார்ஜ்ல போட்டுக்கிட்டே ஆக்ஸ் வயர்ல பாட்டு கேக்குற ஆளா நீங்க? அப்ப முதல்ல சார்ஜரைப் புடுங்கிட்டுப் பாருங்க, பாதி பேருக்கு அங்கயே தீந்துரும்.

நீங்க கேக்காத ஒண்ணு சொல்றேன், எர்த்தை இப்படிக் கட்டியிருந்தா இதையும் கோட்டை விட்டிருக்க வாய்ப்பு இருக்கு. பானெட்டைத் திறந்து பேட்டரி பிளஸ்லேருந்து ஆம்ப்புக்குப் போற வயர்ல ஒண்ணரை அடிக்குள்ள ஒரு ஃப்யூஸ் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா இன்னைக்கே போடுங்க. அந்த ஃப்யூஸ் ஆம்ப்பைக் காப்பாத்த இல்ல, வழியில எங்கயாவது வயர் தேஞ்சு பாடியில பட்டா தீப்பிடிக்காம இருக்க. ஆம்ப்லயே ஃப்யூஸ் இருக்கு சார்னு சொல்ற எலக்ட்ரீஷியன்கிட்ட வேலை குடுக்காதீங்க. வயர் உள்ள இருக்குற கம்பியையும் பிளேடால லேசா சீவிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது, முழுச் செம்பு அளவுக்கு கரன்ட் கடத்தாது. அதுதான் கிடைச்சுதுன்னா ஒரு சைஸ் பெருசா போட்டுக்குங்க.

கே: புது வண்டி, வாரன்டி இருக்கு. கம்பெனி டச் ஸ்கிரீனைக் கழட்டாம, ஸ்டீரிங் பட்டனும் வேலை செய்யுற மாதிரி சவுண்டை மட்டும் நல்லா பண்ண முடியுமா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

ப: முடியும்மா, அதுதான் சரியும் கூட. இப்ப வர்ற வண்டில ஸ்கிரீனைக் கழட்டினா ரிவர்ஸ் கேமரா, வண்டி செட்டிங்ஸ் எல்லாம் அதோட போயிரும். செட்டை விட்டுட்டு ஸ்பீக்கரையும் ஆம்ப்பையும் மட்டும் தொடுங்க. ஹை லெவல் இன்புட் இருக்குற ஆம்ப்பா கேளுங்க, ஸ்பீக்கர் வயரையே அதுக்குக் குடுத்துரலாம், ஆர்சிஏ தேவையில்ல. ஆனா விலை பேசுறதுக்கு முன்னாடியே ஒரு கண்டிஷன் போடுங்க: என் வண்டில ஒரு வயர் கூட வெட்டக்கூடாது, என் மாடலுக்கான கப்ளர் (வெட்டாம சொருகுற இணைப்பு) போட்டுத்தான் பண்ணணும்னு. 'அதெல்லாம் வேண்டாம்மா, டேப் சுத்திக் குடுத்துர்றோம்'னு பதில் வந்தா அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க. வயரை வெட்டின வண்டில நாளைக்கு எலக்ட்ரிகல் கோளாறு எது வந்தாலும் சர்வீஸ் சென்டர்ல அந்த டேப்பைத்தான் முதல்ல காட்டுவாங்க. பில்லை பத்திரமா வெச்சு இன்சூரன்ஸ்லயும் கூடுதலா மாட்டின எலக்ட்ரானிக் சாமான்னு சொல்லி கொஞ்சம் பிரீமியம் கட்டி சேத்துருங்க, இல்லன்னா திருடு போனா ஆம்ப்புக்கு ஒரு பைசா வராது.

கே: என் ஆம்ப் 50 வாட்ஸ், ட்வீட்டர் 60 வாட்ஸ் தாங்கும்னு போட்டிருக்கு. அப்புறம் எப்படி சார் ரெண்டு தடவை எரிஞ்சுது? ஆம்ப்ல கெய்ன் ஃபுல்லாதான் வெச்சிருக்கேன். – நாகர்கோவில்

ப: கேள்விலயே பதில் இருக்கே தம்பி. கெய்ன் வால்யூம் இல்ல, செட்டு அனுப்புற சிக்னலுக்கு ஆம்ப்பை ஒத்துப் போக வைக்கிற திருகு. அதை ஃபுல்லா வெச்சா ஆம்ப் தன் சக்திக்கு மேல இழுக்கப் பாத்து அலையோட தலையையும் வாலையும் வெட்டி அனுப்பும், இதைத்தான் கிளிப்பிங்ங்கறது. அப்ப பவரும் கூடும், பாட்டுல இல்லாத ஹை ஃப்ரீக்வென்சி சரக்கும் சேரும், அது எல்லாம் நேரா போய் விழுற இடம் ட்வீட்டர். ஈக்வலைசரை எல்லாம் நடுவுல வெச்சு, லவுட்னெஸ், பேஸ் பூஸ்ட் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. கெய்னை சுத்தமா குறைச்சுட்டு செட்டு வால்யூமை முக்கால்வாசிக்கு வெச்சு, தெரிஞ்ச பாட்டு ஒண்ணைப் போட்டு கெய்னை மெதுவா ஏத்துங்க, குரல் லேசா கரகரங்கும்போது நிறுத்தி கொஞ்சம் பின்னாடி வாங்க. கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் ஃபில்டர், அதாவது அடி பேஸை மட்டும் தடுக்குற ஃபில்டர், 80 ஹெர்ட்ஸ் கிட்ட வைங்க. அதுக்கு மேல சத்தம் வேணும்னா பெரிய ஆம்ப்தான் வழி, திருகு இல்ல.

கே: பையன் டிக்கில பெரிய பெட்டி ஒண்ணு வெச்சிருக்கான். வண்டில ஏறினா நம்பர் பிளேட்டு, கண்ணாடி எல்லாம் நடுங்குது. ரெண்டு வயசு பேத்தியை பின்சீட்ல உக்கார வெக்கிறோம், காதுக்கு ஆபத்து இல்லையே? – ஒரு பாட்டி, மதுரை

ப: இருக்கும்மா. வேலை செய்யுற பெரியவங்களுக்கே 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம்னு கணக்கு, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100ஐத் தொட்டா 15 நிமிஷம்தான். கொழந்தைக்கு அந்தக் கணக்கெல்லாம் பாக்கவே கூடாது, பெட்டி பின்சீட்டுக்கு ஒட்டினாப்புல வேற இருக்கு. போன்ல டெசிபல் பாக்குற ஆப் இலவசமாவே கிடைக்குது, துல்லியமா இருக்காதுன்னாலும் பையனுக்குக் காட்ட அது போதும். சப் லெவலைத் தனியா குறைக்க ஒரு குட்டி ரிமோட் நாப் நிறைய ஆம்ப்ல உண்டு, அதை முன்னாடி டேஷ்ல மாட்டச் சொல்லுங்க, பேத்தி ஏறினா ஜீரோ. நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி ஃபோம் டேப் ஒட்டினா அந்தச் சத்தம் நின்னுரும், ஆனா அதுக்குள்ள அவன் இன்னும் ஏத்தி வெச்சுருவான்னு நினைக்கிறேன்.

கே: எல்லாம் மாத்தியும் ப்ளூடூத்ல சப்புனு இருக்கே? – வேலூர்

ப: பாட்டு எங்கேருந்து வருது? யாரோ வாட்ஸாப்ல அனுப்பினதை, அவருக்கு வேற யாரோ அனுப்பினதை ஓட்டினா எந்த ஸ்பீக்கராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, சுருக்கும்போது போனது போனதுதான், ப்ளூடூத் அதை இன்னொரு தடவை சுருக்கும். ஆப்ல கேக்குறீங்கன்னா செட்டிங்ஸ்ல குவாலிட்டி ஆட்டோல இருக்கும், ஹைக்கு மாத்துங்க. அதே பாட்டை 320 கேபிபிஎஸ்ல (ரொம்ப சுருக்காத தரம்) பென்டிரைவ்ல போட்டு யூஎஸ்பில ஒரு தடவை கேட்டுட்டு, அப்பவும் சப்புனு இருந்தா மறுபடி எழுதுங்க, என்ன ஸ்பீக்கர்னு மாடல் பேரோட.