ஆட்டிசப் பண்புகள் ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகமா?

மாணவர்களில் ஆணும் பெண்ணும் சிந்திக்கும் விதமே வேறா, ஆட்டிசப் பண்புகள் பையன்களுக்குத்தான் அதிகமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிறரோடு இயல்பாகப் பழகச் சிரமப்படுவது, ஒரே விஷயத்தில் ஆழ்ந்து போவது போன்றவைதான் ஆட்டிசப் பண்புகள். பதினோரு வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். சராசரியில் சிறு வித்தியாசம் உண்டு. அதை வைத்து முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையை எடைபோட முடியாது.

2001-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆட்டிச ஆய்வாளர் சைமன் பாரன்-கோஹனின் குழு 50 கேள்விகளில் ஆட்டிசப் பண்புகளை அளக்கும் வினாத்தாளை வெளியிட்டது. அங்கே படித்த மாணவர்கள் 840 பேர் அதை நிரப்பினார்கள். ஆண்களின் சராசரி மதிப்பெண் பெண்களைவிடக் கொஞ்சம் கூடுதல். கணிதம், அறிவியல் மாணவர்களுக்குக் கலைப்பாட மாணவர்களைவிடக் கூடுதல். ஆனால் ஆட்டிசம் உறுதியானவர்களிடம் ஆண் பெண் வித்தியாசம் தெரியவில்லை. 2018-ல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. பிறர் மனதை உணர்வதில் நாட்டமா, ஒரு அமைப்பு எப்படி இயங்குகிறது என்று ஆராய்வதில் நாட்டமா என்பது, ஆணா பெண்ணா என்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இந்த மதிப்பெண்ணை விளக்குகிறது.

இதிலும் ஒரு சிக்கல். எல்லாம் அவரவரே தன்னைப் பற்றி டிக் அடிப்பது. 'பொம்பளப் பிள்ளைன்னா அனுசரிச்சுப் போகணும்' என்று கேட்டு வளர்ந்தவள் எதை டிக் அடிப்பாள்?

என் வகுப்பில் பஸ் நேரங்களை ஒப்பிக்கும் பையன் ஒருவன் இருந்தான். மூன்றே வாரத்தில் ஆசிரியர்கள் எல்லோரும் அவனைக் கவனித்துவிட்டோம். அதே வகுப்பில் ஒரு பெண். எந்தப் பழைய பாட்டைச் சொன்னாலும் இசையமைப்பாளர், வருடம், ராகம் எல்லாம் சொல்வாள். தோழிகள் சிரித்து முடிக்கும்போதுதான் அவள் சிரிக்க ஆரம்பிப்பாள். அமைதியான பொண்ணு, நல்ல ரசனை என்று விட்டுவிட்டோம். கல்லூரி போன பிறகுதான் ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னார். "எப்போ சிரிக்கணும்னு அவங்க முகத்தைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன் மிஸ். வீட்டுக்குப் போனா ரெண்டு மணி நேரம் யார்கிட்டயும் பேச முடியாது" என்றாள். இரண்டு வருடம் தினமும் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஆட்டிசம் உள்ளவர்களில் நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்று சொல்வார்கள். 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுமக்களிடையே தேடிப் போய்ப் பரிசோதித்த ஆய்வுகளில் அது மூன்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. தேடாததால் விடுபட்டவர்கள் அவ்வளவு பேர்.

இப்போதெல்லாம் பெற்றோர் கூட்டத்தில், மார்க் பேசி முடித்ததும், பெண் பிள்ளைகளின் அம்மாக்களிடம் தவறாமல் கேட்கிறேன்: ஸ்கூல் விட்டு வந்ததும் அவள் எப்படி இருக்கிறாள்?