சி.வி. ஜாயின்ட் கோப்பது: பீட்டில் பக்கி கட்டுகிறவர்களுக்குப் பதில்கள்

பழைய வோக்ஸ்வேகன் பீட்டிலின் அடிச்சட்டத்தில் ஃபைபர்கிளாஸ் பாடியை உட்கார வைத்துப் பக்கி (சிறிய திறந்த வண்டி) கட்டுகிறவர்கள் பின் ஆக்ஸிலின் சி.வி. ஜாயின்ட் பற்றிக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கியர்பாக்ஸின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டின் இரு முனையிலும், சாய்ந்தாலும் சீராகச் சுழலும் குண்டு வைத்த மூட்டுதான் சி.வி. ஜாயின்ட். பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான். அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (லண்டன்): அண்ணை, கழுவித் துடைச்சு ஆறு குண்டையும் திரும்பப் போட்டன். ஜாயின்ட் இறுகிப்போய் நிக்குது, அசையுதில்லை. சுத்தியலால மெல்லத் தட்டலாமோ?

தட்டாதீர்கள் தம்பி. நீங்கள் உள் ரேஸை (குண்டுகள் ஓடும் உள் வளையத்தை) வெளி ரேஸுக்குத் தப்பான இடத்தில் வைத்துக் கோத்திருக்கிறீர்கள்.

ஜாயின்டின் முகத்தை உங்கள் பக்கம் திருப்பி வைத்துப் பாருங்கள். வெளி ரேஸில் குண்டு ஓடும் ஆறு பள்ளங்களும் நேராக இருக்காது. ஒன்று இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம் சாயும். அதனால் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மேடுகள் ஒன்று அகலம், அடுத்தது குறுகல் என்று மாறி மாறி வரும். உள் ரேஸிலும் இதே கதைதான். கோக்கும்போது வெளி ரேஸின் அகல மேட்டுக்கு எதிரே உள் ரேஸின் குறுகிய மேடு வர வேண்டும். அப்போதுதான் வெளிப் பள்ளமும் உள் பள்ளமும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். வெட்டும் இடத்தில் குண்டு நிற்கும். அகலத்துக்கு நேரே அகலம் வந்தால் குண்டுக்குப் போக வழியில்லை, ஜாயின்ட் பூட்டிக்கொள்ளும்.

வரிசை இப்படி. உள் ரேஸைக் கூண்டுக்குள் (குண்டுகளைப் பிடித்து வைக்கும் ஜன்னல் வைத்த வளையத்துக்குள்) நுழையுங்கள். குண்டுகளைக் கூண்டின் ஜன்னல்களில் அழுத்தி, கொஞ்சம் கிரீஸ் தடவி விழாமல் நிறுத்துங்கள். இந்த மூன்றையும் சேர்த்து அப்படியே வெளி ரேஸுக்குச் செங்குத்தாகப் பிடித்து உள்ளே விட்டு, அகலம்–குறுகல் கணக்கைப் பார்த்தபடி சாய்த்துத் திருப்புங்கள். கூண்டைக் கட்டை விரல்களால் ஓங்கி அழுத்தினால் சட்டென்று உட்காரும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க உள் ரேஸைக் கையாலேயே முன்னும் பின்னும் தள்ளுங்கள், எல்லாப் பக்கமும் சாயுங்கள். எங்கேயும் பிடிக்கக் கூடாது. பிடித்தால் மறுபடி பிரியுங்கள்.

இன்னொன்று. ஒரு ஜாயின்டின் குண்டு, கூண்டு, ரேஸ் எல்லாம் ஒரே செட்டாகப் பொருத்தி வருபவை. நாலு ஜாயின்டையும் ஒரே டப்பாவில் போட்டுக் கழுவினால் எது எதனுடையது என்று பிறகு தெரியாது. ஒன்றைக் கழற்றி, கழுவி, கோத்து முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

கேள்வி (டொராண்டோ): என்னிடம் இருப்பது 1967 பீட்டில். அதில் எந்த சி.வி. ஜாயின்ட் வரும்?

எதுவும் வராது. அது ஸ்விங் ஆக்ஸில், அதாவது குழாயோடு சேர்ந்தே மேலும் கீழும் ஆடும் பழைய வகை அச்சு. அந்தக் குழாயும் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ரப்பர் உறையும் கியர் ஆயிலைத் தாங்குபவை. வட அமெரிக்காவில் விற்ற சாதாரண பீட்டில்களில் நாலு சி.வி. ஜாயின்ட் கொண்ட பின் அச்சு 1969 மாடலிலிருந்துதான். நீங்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

கேள்வி (நியூ ஜெர்சி): குண்டு ஓடும் இடத்தில் பளபளவென்று ஒரு கோடு தெரிகிறது. ஜாயின்டைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

பளபளப்பு மட்டும் என்றால் கவலையில்லை. விரல் நகத்தை அந்தக் கோட்டின் மேல் இழுங்கள். நகம் சிக்கினால், குழி இருந்தால், உலோகம் நீலம் பாரித்திருந்தால் மாற்றிவிடுங்கள். கூண்டின் ஜன்னல் ஓரம் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

லேசான தேய்மானத்துக்குப் பழைய கைவித்தை ஒன்று உண்டு. வண்டி பெரும்பாலும் முன்னோக்கியே ஓடுவதால் பள்ளத்தின் ஒரு சுவர்தான் சுமை தாங்கித் தேய்கிறது. ஆக்ஸிலை ஜாயின்டுகளோடு இடம் வலம் மாற்றி மாட்டினால் தேயாத சுவர் வேலைக்கு வரும். கோக்கும் முன்பே எது எந்தப் பக்கம் என்று பெயின்ட் பேனாவால் குறித்துவிடுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): ஷாஃப்டில் ஏற்றும் வரிசை குழப்புகிறது. கிரீஸ் எவ்வளவு, எந்த வகை?

முதலில் பூட் (ஜாயின்டை மூடும் ரப்பர் உறை). இதை மறந்துவிட்டு ஜாயின்டை ஏற்றி, மறுபடி கழற்றாதவர் குறைவு. அடுத்து கிண்ணம் போல் குழிந்த வாஷர், பிறகு ஜாயின்ட், கடைசியில் சர்க்ளிப் (ஷாஃப்டின் பள்ளத்தில் உட்கார்ந்து ஜாயின்டைப் பிடிக்கும் வளையம்). உள் ரேஸின் ஸ்ப்ளைனில் (ஷாஃப்டைப் பிடிக்கும் பல் வரிகளில்) ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சீவியிருக்கும். அந்தப் பக்கம் ஷாஃப்டின் தோளைப் பார்க்க வேண்டும். வாஷர் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளுவதால் சர்க்ளிப் பள்ளத்தில் முழுதாக உட்காராமல் ஏமாற்றும். பிளையரால் சுற்றிவர அழுத்தி, உட்கார்ந்துவிட்டதைக் கண்ணால் பாருங்கள்.

மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு சி.வி. கிரீஸ், ஜாயின்டுக்குச் சுமார் 90 கிராம். குண்டுகளுக்கு இடையே விரலால் திணித்து, மிச்சத்தை ரப்பர் உறைக்குள் விடுங்கள். வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம். கிளாம்ப் போடும் முன் ரப்பர் உறையின் உதட்டைத் தூக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். கிளாம்புக்குப் பதில் கேபிள் டை கட்டுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவர்): சார், நாங்கள் ஆல்-டெரெய்ன் போட்டி வண்டிக்கு மாருதி 800 ஷாஃப்ட் எடுத்திருக்கிறோம். நீளம் அதிகம். வெட்டி வெல்டிங் செய்யலாமா?

வேண்டாம் தம்பி. ஷாஃப்டின் மேற்பரப்பு வெப்பப் பதம் செய்து கடினமாக்கியது. வெல்டிங் சூடு பட்ட இடம் பதம் கெட்டு, முறுக்கு விசை வரும்போது அங்கேயே முறியும். ஒன்று, ஷாஃப்ட் நீளத்துக்கு ஏற்றபடி சக்கர இடைவெளியை வரைபடத்திலேயே மாற்றுங்கள், அதுதான் மலிவு. இல்லையென்றால் ஈ.என். 24 எஃகில் ஸ்ப்ளைன் வெட்டிப் பதம் செய்து வாங்குங்கள்.

நீளத்தை எப்படி முடிவு செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது பீட்டில்காரர்களுக்கும் பொருந்தும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை முழுக்க மேலே, நடுவில், முழுக்கக் கீழே என்று ஜாக் வைத்து நகர்த்துங்கள். மூன்று இடத்திலும் ஷாஃப்டை உள்ளும் புறமும் தள்ளி, மிச்சம் எவ்வளவு நகர்கிறது என்று அளந்து எழுதுங்கள். எங்கேயும் முட்டக் கூடாது, எங்கேயும் கழன்று வரும் நிலைக்குப் போகக் கூடாது. சக்கரம் கீழே தொங்கும்போது கோணம் அதிகமானால், அதற்கு மேல் இறங்காமல் நைலான் பட்டை கட்டித் தடுங்கள். நீளத்தில் நகரும் ஜாயின்டுகள், முன்சக்கர இழுவைக் காரின் வெளி ஜாயின்ட் அளவுக்குச் சாயாது.

கேள்வி (மெல்பர்ன்): ஜாயின்டைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலை வழுக்கிக்கொண்டே போகிறது. அலன் கீ சரிதானே?

சரியில்லை. அது ஆறு முனை அல்ல, பன்னிரண்டு முனைப் பல். 8 மி.மீ. டிரிபிள் ஸ்கொயர் பிட் கேட்டு வாங்குங்கள். தலைக்குள் இறுகிக் கிடக்கும் அழுக்கைச் சிறு ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, பிட்டைச் சுத்தியலால் தட்டி அடிவரை இறக்கிய பிறகே திருப்புங்கள். (இங்கே சுத்தியலுக்கு அனுமதி உண்டு.)

மாட்டும்போது போல்ட் மரையிலும் ஃபிளாஞ்ச் (ஜாயின்ட் பதிந்து உட்காரும் தட்டு) முகத்திலும் கிரீஸ் துளியும் இருக்கக் கூடாது. இறுக்கம் 25 அடி-பவுண்டு, அதாவது சுமார் 34 நியூட்டன் மீட்டர். இரண்டு போல்ட்டுக்கு ஒன்றாக வரும் அரைவட்டத் தகட்டைத் தூக்கி எறியாதீர்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து 24 போல்ட்டையும் மறுபடி டார்க் ரென்ச்சால் பாருங்கள்; இவை தளர்வது சகஜம். சக்கரப் பக்கத்து 36 மி.மீ. நட்டுக்கு 217 அடி-பவுண்டு. நட்டு தளராமல் பூட்டும் காட்டர் பின்னுக்கான ஓட்டை நேராகவில்லை என்றால் இன்னும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல.