வால்ட்ஹவுஸ்: ஒரு குடும்பத்தின் விடுதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆல்ப்ஸ் மலை விடுதிகளைப் பற்றிய குறிப்பில், சுவிட்சர்லாந்தின் சில்ஸ் மரியாவில் உள்ள வால்ட்ஹவுஸ் விடுதியை ஒரே குடும்பம் ஐந்து தலைமுறைகளாக நடத்தி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு உலகப்போர்களைக் கடந்தும் அது எப்படி அக்குடும்பத்தின் கையிலேயே தங்கியது? நீச்சல்குளமும் நீராவிக் குளியலும் கொண்ட ‘வெல்னஸ்’ விடுதியாக மாறியது அந்த வரலாற்றிலிருந்து விலகிச் செல்வது ஆகாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

யோசஃப் கீகரும் அவர் மனைவி அமாலியும் 1908 கோடையில் அந்த விடுதியைத் திறந்தபோது, சில்ஸ் மரியா அமைந்துள்ள எங்கடீன் பள்ளத்தாக்கு செழிப்பின் உச்சத்தில் இருந்தது. 1904-இல் ரயில் அருகிலுள்ள செயின்ட் மோரிட்ஸ் ஊர் வரை வந்துவிட்டிருந்தது. கார்ல் கொல்லர் வடிவமைத்த, கோட்டையை ஒத்த கட்டடம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில், காட்டின் நடுவே எழுந்தது. ஆறே ஆண்டுகளில் போர் வந்தது. சுவிட்சர்லாந்தின் விடுதித் தொழில் எந்த அளவுக்கு நொடித்தது என்றால், அனுமதியின்றிப் புதிய விடுதி எதையும் கட்டக்கூடாது என்று 1915-இல் அரசே தடை விதித்தது.

அந்த நெருக்கடியில் உரிமையாளர் யார் என்பது மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன். சில்ஸ் மரியாவை ஒட்டிய ஏரியின் மறுமுனையில், மலோயாவில், பெல்ஜியப் பிரபு கமில் டி ரெனெஸ் பெரும் முதலீட்டில் எழுப்பிய மாளிகை விடுதி 1884-இல் திறக்கப்பட்டது. இத்தாலியில் பரவிய காலரா விருந்தினர் வரவைத் தடுத்தது, சில மாதங்களிலேயே அவர் திவாலானார். உடனடி லாபத்தை நம்பிக் கட்டிய இடம் ஒரு மோசமான பருவத்தையே தாங்கவில்லை. தாமே அங்கு வாழ்ந்து, தாமே உழைத்து, பிள்ளைகளிடம் ஒப்படைப்பதையே நோக்கமாகக் கொண்ட குடும்பமோ பல மோசமான பருவங்களைப் பொறுத்துக்கொள்ளும். வால்ட்ஹவுஸில் உரிமை மகள்கள் வழியாகவும் சென்றதால் கீகர், கீன்பெர்கர், டீட்ரிச் என்று குடும்பப் பெயர் மாறிக்கொண்டே வந்தது. ஆண்வாரிசை மட்டுமே எண்ணியிருந்தால் அந்தத் தொடர்ச்சி எப்போதோ அறுந்திருக்கும்.

பணம் குறைவாக இருந்த ஆண்டுகள் வேறொரு நன்மையையும் செய்தன. பழையதைக் களைந்துவிட்டு நாகரிகத்துக்கேற்பப் புதிதாக்கும் வசதி பல விடுதிகளுக்கு இருந்தது, அவை தங்கள் முகத்தையே இழந்தன. இங்கோ, 1910-ஐ ஒட்டிய காலத்தின் வெல்டே மிக்னான் தானியங்கிப் பியானோவும், ஒரே மின்னமைப்பில் இயங்கும் மாக்னெட்டா சுவர்க்கடிகாரங்களும், அகன்ற வரவேற்புக்கூடமும் எஞ்சின. எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1949 முதல் 1961 வரை மீண்டும் மீண்டும் வந்து மொத்தம் 370 நாட்கள் அங்கே தங்கினார். தத்துவவாதி அடோர்னோவும் பல கோடைகளை அங்கே கழித்தார். அவர்களை ஈர்த்தது இந்த மாறாமைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. உடல்நலத்துக்காக விருந்தினரை வரவழைப்பது எங்கடீனுக்குப் புதியதல்ல. செயின்ட் மோரிட்ஸின் இரும்புச்சத்து நிறைந்த ஊற்றுநீரைச் சேகரிக்கக் குடையப்பட்ட மரத்தண்டுகள் 1853-இல் கிடைத்தன. அவற்றின் வளர்ச்சி வளையங்களைக் கொண்டு, அவை கி.மு. 1411-இல் வெட்டப்பட்டவை என்று பின்னர் கணிக்கப்பட்டது. அந்த நீருக்கு அடுத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைக்காற்றே மருந்து என்ற நம்பிக்கை நோயாளிகளை இந்த மலைகளுக்குக் கொண்டுவந்தது. நீராவிக் குளியலறையை அந்த வரிசையில்தான் வைக்கிறேன். கட்டடத்தின் உடலைச் சிதைக்காமல் அதைச் சேர்க்கிறார்களா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. வால்ட்ஹவுஸில் உள்ளரங்க நீச்சல்குளம் 1970-ஐ ஒட்டியே கட்டப்பட்டுவிட்டது. பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் ஐகோமாஸ் அமைப்பின் சுவிஸ் பிரிவு 2005-இல் இந்த விடுதியை ஆண்டின் சிறந்த வரலாற்று விடுதியாகத் தேர்ந்தெடுத்தபோது, அந்தக் குளம் அங்கே இருந்தது.