ஆறு மாதமாக வாலடியைக் கடித்துக்கொள்ளும் லாப்ரடார்: அடுத்த ஊசிக்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு வயதுப் பெண் லாப்ரடார் இருக்கிறாள். எடை 28 கிலோ. ஆறு மாதமாக வாலின் அடிப்பக்கத்தையும் பின்தொடைகளையும் முன்பற்களால் கொறித்துக்கொண்டே இருக்கிறாள். அங்கெல்லாம் முடி கொட்டி, தோல் சிவந்து, சிறு பருக்கள் வந்திருக்கின்றன. சில இடங்களில் வட்டமாகத் தோல் உரிகிறது. அரிப்புக்கு ஊசி போட்டால் பத்துப் பதினைந்து நாள் அடங்குகிறது, பிறகு பழையபடி ஆரம்பித்துவிடுகிறாள். இதுவரை நான்கு ஊசி ஆகிவிட்டது. இப்போது தண்ணீர் நிறையக் குடிக்கிறாள், இரவில் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிடுகிறாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம், தேங்காய் எண்ணெய் தடவினோம். கோழிக்கறி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். நிறுத்திவிடலாமா? பூச்சி எதுவும் இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டோம். வீட்டில் பூனையும் இருக்கிறது. எங்கள் யாருக்கும் அரிப்பு இல்லை.
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: கோழிக்கறியை இப்போதைக்கு நிறுத்த வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவள் கடிக்கும் இடம்தான். வாலடி, இடுப்புக்குப் பின்பக்கம், பின்தொடை ஆகிய இந்த மூன்றையும் ஒரு நாய் கொறித்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உணவு ஒவ்வாமையிலும், தூசி, மகரந்தம் போன்றவற்றால் வரும் ஒவ்வாமையிலும் அரிப்பு பெரும்பாலும் பாதம், முகம், காது, அக்குள், அடிவயிறு என்று முன்பக்கமும் கீழ்ப்பக்கமுமாக இருக்கும்.

பூச்சியே இல்லை என்கிறீர்கள். இந்த நோயில் பூச்சி கண்ணில் படாமல் போவது மிகச் சாதாரணம். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை வந்துவிட்ட நாய்க்கு ஒன்றிரண்டு கடி போதும், அரிப்பு இரண்டு வாரம் வரை நீடிக்கும். அதற்குள் அவளே கொறித்துக் கொறித்து அந்தத் தெள்ளை விழுங்கியும் இருப்பாள். அதனால் பூச்சியைத் தேடாமல் அதன் கழிவைத் தேடுங்கள். தலைப்பேன் எடுக்கும் நெருக்கமான சீப்பால் வாலடியிலும் முதுகின் பின்பாதியிலும் தோலை ஒட்டி ஐந்து நிமிடம் வாருங்கள். சீப்பில் வருவதை ஈரமான வெள்ளைப் பஞ்சில் தட்டுங்கள். கருப்புத் துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகச் சாயம் பரவினால் அது தெள்ளு செரித்து வெளியேற்றிய இரத்தம். சாதாரண மண்ணென்றால் நிறம் பரவாது. பூனையையும் கட்டாயம் வாருங்கள். பூனை அரிப்பே இல்லாமல் தெள்ளைச் சுமந்து திரியும். ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போல வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது தெள்ளை விழுங்குவதால் வரும் நாடாப்புழுவின் துண்டு. இருந்தால் பிராசிகுவான்டெல் கலந்த குடற்புழு மாத்திரை தேவை. இந்தச் சோதனை இரண்டிலும் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் கீழே சொல்லும் சிகிச்சையை விட வேண்டாம்.

அடுத்தது ஊசி. பத்துப் பதினைந்து நாள் அடங்கி, தாகமும் சிறுநீரும் கூடியிருப்பதால், அது நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டாக இருக்கும் என்று நினைக்கிறேன். சீட்டில் டிரையம்சினோலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசோலோன் அசிடேட் என்று இருக்கிறதா பாருங்கள். அரிப்பை அடக்குவதில் இவை கெட்டிக்கார மருந்துகள். ஆனால் போட்ட பிறகு திரும்ப எடுக்க வழியில்லை. உடலே ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரினல் சுரப்பியை வாரக்கணக்கில் தூங்கவைக்கும், தோலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாத் தொற்றை மூடி மறைத்துப் பிறகு பெரிதாக்கும். ஐந்தாவது ஊசி வேண்டாம். கடைசி ஊசிக்குப் பிறகு சோர்வு, வாந்தி, சாப்பிட மறுப்பது என்று ஏதாவது தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டி, ஊசி போட்ட தேதிகளையும் சொல்லுங்கள். தாகம் குறையவில்லை என்றால் சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தப் பரிசோதனை, கூடவே சிறுநீர்ப் பரிசோதனையும் தேவை. தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

வட்டமாகத் தோல் உரிவதும் பருக்களும் பாக்டீரியாத் தொற்றின் அடையாளம். இதுவே தனியாக அரிப்பை உண்டாக்கும். ஒவ்வாமைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் முழுதாக ஆறாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். மருத்துவரிடம் போகும்போது மூன்று பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். செலோடேப்பைத் தோலில் ஒட்டி எடுத்துச் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது முதலாவது; பாக்டீரியாவா, மலாசீசியா என்னும் ஈஸ்ட் பூஞ்சையா, இரண்டுமா என்று அதில் தெரியும். எண்ணெய்ப் பிசுக்கும் புளித்த நாற்றமும் இருந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவுவதை நிறுத்தச் சொல்வதும் அதனால்தான். இரண்டாவது, தோலைப் பிளேடால் இலேசாக இரத்தம் கசியும்வரை சுரண்டி டெமோடெக்ஸ் என்னும் சொறிப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது. ஸ்டீராய்டு பல முறை போட்ட நாயில் இதைத் தவிர்க்கவே கூடாது. மூன்றாவது, ஆசனவாய்ப் பைகளை அழுத்திப் பார்ப்பது. அவை நிறைந்து அடைத்திருந்தாலும் நாய் வாலடியைக் கடிக்கும், தரையில் பின்பக்கத்தைத் தேய்த்து இழுக்கும். மனிதருக்கும் தொற்றும் சொறி காது ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு என்று தொடங்கும், வீட்டாருக்கும் அரிக்கும். உங்கள் விவரம் அதற்குப் பொருந்தவில்லை. ஆனால் மனிதருக்கும் தொற்றும் அந்தச் சொறிப்பூச்சி சுரண்டலில் பல நேரம் சிக்காது என்பதையும், நல்ல வேளையாகத் தெள்ளுக்குக் கொடுக்கும் மாத்திரையே அதற்கும் வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி சிகிச்சை. தெள்ளுக்கு ஐசாக்சசோலின் வகை மாத்திரை நல்லது. இவளுடைய எடைக்கு, அஃபாக்சோலனர் என்றால் 25 முதல் 50 கிலோ வரை என்று போட்ட அட்டையில் மாதம் ஒன்று. ஃப்ளூராலனர் என்றால் 20 முதல் 40 கிலோவுக்கான 1000 மி.கி. மாத்திரை 12 வாரத்துக்கு ஒன்று. இரண்டில் ஒன்று போதும். ஃப்ளூராலனரைச் சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் சரியாக உடலில் சேராது. அவளுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் இந்த வகை வேண்டாம், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரையில் ஒரு வசதி, குளிப்பாட்டுவதால் வீரியம் குறையாது. முதுகில் சொட்டும் மருந்து என்றால் போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. வாரம் இரு முறை ஷாம்பு போட வேண்டிய நாய்க்கு அது ஒத்துவராது.

பூனைக்கும் அதே நாளில் மருந்து போட வேண்டும், ஆனால் பூனைக்கென்று தயாரித்த ஃபிப்ரோனில் அல்லது செலமெக்டின் சொட்டு மருந்தை மட்டும். நாய்க்கான பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். நாய் மருந்தில் பாதி போட்டால் போதாதா என்று தயவுசெய்து முயல வேண்டாம்.

பலர் இங்கேதான் தோற்கிறார்கள்: நாய்க்கு மருந்து கொடுத்துவிட்டு வீட்டை விட்டுவிடுகிறார்கள். ஒரு வீட்டில் உள்ள தெள்ளுகளில் வளர்ந்த பூச்சியாக விலங்கின் உடம்பில் இருப்பது ஏறத்தாழ 5 சதவீதம்தான். மற்றதெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் அவள் படுக்கும் இடத்தில் கிடக்கிறது. பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். அவை முடியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்துவிடும். கூட்டுப்புழுவின் கூட்டுக்குள் எந்தப் பூச்சிமருந்தும் நுழையாது. மாதக்கணக்கில் காத்திருந்து, ஆளோ நாயோ நடக்கும் அதிர்வு கேட்டதும் வெளியே வரும். மாத்திரை கொடுத்த பிறகும் மூன்று, நான்கு வாரம் வரை ஒன்றிரண்டு தெள்ளு தெரிந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி மாற்றிவிடாதீர்கள். அவை பழைய கூட்டிலிருந்து வந்தவை. அவளைக் கடித்த பிறகு தாமே செத்துவிடும், முட்டையிட வாய்ப்பில்லை. இப்படி வருபவை தீர்ந்துபோக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்.

அவள் படுக்கும் சாக்கு, பழைய மெத்தை இருந்தால் எறிந்துவிடுங்கள். துணி விரிப்பைத் துவைக்கக்கூடியதாக மாற்றி, வாரம் ஒரு முறை 60 டிகிரி சூட்டு நீரில் துவைத்து நேர் வெயிலில் காயவையுங்கள். தெள்ளின் புழு வெயிலையும் வறட்சியையும் தாங்காது, திருச்சி வெயில் இதில் உங்களுக்குப் பெரிய துணை. மாடிப்படியின் அடி, சோபாவின் இடுக்கு, கட்டிலுக்குக் கீழ், தரை ஓடுகளின் இணைப்பு என்று வெளிச்சம் படாத இடங்களை வாரம் இரண்டு முறை வாக்குவம் போடுங்கள். இல்லாதவர்கள் தென்னந்துடைப்பத்தால் அழுத்திக் கூட்டி, குப்பையைச் சோப்புத் தண்ணீரில் கொட்ட வேண்டும். தோட்டத்தில் அவள் படுக்கும் நிழலான ஈர மண்ணைக் கிளறிக் காயவிடுங்கள். மருந்து அடிக்க ஆள் வைத்தால், முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் பைரிப்ராக்ஸிஃபென் அல்லது மெத்தோப்ரீன் கலந்ததாகக் கேளுங்கள். அடித்த இடம் முழுதாகக் காயும்வரை பூனையை வேறு வீட்டில் வைக்க வேண்டும்.

தோலுக்கு வருவோம். 3 அல்லது 4 சதவீத குளோர்ஹெக்சிடின் ஷாம்பு. பூஞ்சையும் இருந்தால் 2 சதவீத குளோர்ஹெக்சிடினோடு 2 சதவீத மைக்கனசோல் சேர்ந்தது. வாரம் இரண்டு முறை, குறைந்தது மூன்று வாரம். லாப்ரடாருக்கு அடிமுடி மிக அடர்த்தி. முதலில் தோல்வரை நனையும்படி ஐந்து நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கையால் கலைத்துவிட வேண்டும். பச்சைத் தண்ணீர் போதும், சுடுதண்ணீர் அரிப்பைக் கூட்டும். ஷாம்பைப் புண்ணுள்ள இடங்களில் முதலில் தேய்த்து, கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். அந்தப் பத்து நிமிடம்தான் மருந்து. உடனே கழுவினால் வெறும் குளியல்தான். கண்ணிலும் காதுக்குள்ளும் படக்கூடாது. பிறகு நன்றாக அலசி, துண்டால் ஒற்றி, விசிறிக்கு முன்னால் அடிமுடிவரை உலர்த்துங்கள். ஈரமாக விட்டால் ஒரே இரவில் கசியும் புண்ணாகிவிடும். மனிதருக்கான சோப்பும் ஷாம்பும் வேண்டாம், டெட்டாலும் வேண்டாம். வேப்பிலை மஞ்சள் பற்று உடைந்த தோலில் ஒட்டிக் காய்ந்து இழுக்கும், அவள் அதையும் நக்குவாள். ஃபினாயில், மண்ணெண்ணெய், வண்டியின் கழிவு எண்ணெய், எறும்புப் பொடி ஆகியவற்றை யாராவது சொன்னால் கேட்கவே வேண்டாம். இவற்றால் விஷம் ஏறி நாய்கள் செத்திருக்கின்றன.

ஷாம்பு மட்டும் போதாத அளவுக்குப் பருக்கள் பரவியிருந்தால் மருத்துவர் செஃபலெக்சின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்தை எழுதுவார். கிலோவுக்கு 22 முதல் 30 மி.கி. வரை, நாளுக்கு இரண்டு வேளை. இவளுக்கு ஒரு வேளைக்குச் சுமார் 600 முதல் 850 மி.கி. வரும். வழக்கமாக மூன்று வாரம். ஐந்தாம் நாள் தோல் நன்றாகத் தெரியும், அப்போது நிறுத்தினால் தொற்று திரும்பி வரும், அடுத்த முறை மருந்துக்கு அடங்காமலும் போகும். மூன்று வாரத்துக்குப் பிறகும் புதுப் பருக்கள் வந்தால் மருந்தை மாற்றிப் பார்ப்பதற்கு முன் கல்ச்சர் பரிசோதனை (கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது) செய்துவிடுங்கள்.

இதற்கிடையில் அவள் அரிப்பில் தவிக்க வேண்டியதில்லை. சுரண்டல் பரிசோதனையில் டெமோடெக்ஸ் இல்லை என்று தெரிந்தால் ஓக்லாசிட்டினிப் மாத்திரையை மருத்துவரிடம் கேட்கலாம். 28 கிலோவுக்கு 16 மி.கி. மாத்திரை ஒன்று, முதல் 14 நாள் இரண்டு வேளை, அதன் பிறகு ஒரு வேளை மட்டும். ஒரு வயதுக்குக் குறைந்த நாய்க்கும், கடுமையான தொற்று உள்ள நாய்க்கும் கொடுப்பதில்லை. மூன்றாவது வாரம் முடிந்ததும் நிறுத்திப் பாருங்கள். தெள்ளு மருந்தால்தான் தேறுகிறாளா என்று அப்போதுதான் தெரியும். செட்டிரிசின் கொடுத்துப் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கெடுதல் குறைவு, ஆனால் இவ்வளவு அரிப்புக்கு அதில் பலன் எதிர்பார்க்காதீர்கள். பிளாஸ்டிக் கூம்புக் காலரை முதல் பத்து நாள் போட்டு வையுங்கள், சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம்.

எட்டு வாரம் இப்படி ஒழுங்காகச் செய்தும், தொற்று ஆறியும், அரிப்பு தொடர்ந்தால் அப்போதுதான் உணவுப் பரிசோதனை. கோழியை மட்டும் நிறுத்தி, தயிர்சாதமும் முட்டையும் பிஸ்கட்டும் தொடர்ந்தால் ஒன்றும் தெரியாது. நாய்களுக்கு ஒவ்வாமை தரும் உணவுகளில் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை எல்லாமே முன்வரிசையில் இருப்பவை. இதுவரை அவள் சாப்பிடாத ஒரு இறைச்சியும் ஒரு மாவுச்சத்தும் மட்டும் எட்டு வாரம் தர வேண்டும். ஆட்டுக்கறி தொட்டதில்லை என்றால், நாளைக்குக் கொழுப்பு நீக்கிய ஆட்டுக்கறி 400 கிராமும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு 800 கிராமும், இரண்டு வேளையாக. வாரா வாரம் எடை பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பாட்டி ரகசியமாக ஊட்டும் ஒரு பிஸ்கட் போதும், எட்டு வாரமும் வீண். இறைச்சிச் சுவையூட்டிய தெள்ளு மாத்திரைக்குப் பதில் இந்த எட்டு வாரத்துக்குச் சொட்டு மருந்துக்கு மாறுங்கள். முன்பு சொன்னபடி குளியலைத் தள்ளிவைத்து அதைப் போடலாம், தொற்று ஆறிவிட்டதால் அப்போது ஷாம்பு அவ்வளவு அடிக்கடி தேவைப்படாது. அரிப்பு அடங்கினால் பழைய உணவை இரண்டு வாரம் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். அரிப்பு திரும்பினால்தான் உணவு ஒவ்வாமை உறுதி. இந்த வீட்டு உணவில் சுண்ணாம்புச்சத்து போதாது, அதனால் எட்டு வாரத்துக்கு மேல் நீட்டக் கூடாது. வளரும் குட்டிக்கு இதைச் செய்யவே கூடாது.

உங்கள் ஊரில் தோல் பரிசோதனைக்கு வசதி இல்லையென்றால் ஒரத்தநாடு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைக்குப் போகலாம். இதுவரை போட்ட ஊசிச் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். மூன்று நாள் முன்பிருந்தே ஷாம்பு, எண்ணெய் எதுவும் போடாமல் அழைத்துச் சென்றால் பரிசோதனை சரியாக வரும்.

நன்றாகிவிட்ட பிறகும் தெள்ளு மருந்தை நிறுத்தாதீர்கள். குளிர் நாடுகளில் பனிக்காலம் தெள்ளின் பெருக்கத்தைக் குறைத்துவிடும், திருச்சியில் பன்னிரண்டு மாதமும் அதற்கு ஏற்ற சூடு உண்டு. இவளுக்கும் பூனைக்கும் ஒரே நாளில், வருடம் முழுவதும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.